பச்சைக் கதவும் நிருபர் நீலமேகமும்

11-6-1973, திங்கள்

காலையில் கட்டுப் பிரிக்கும்போது என் பெயருக்கே ஒரு கவர் கிடந்தது. ஒன்பது வருடமாகக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குத் தபால் கொடுக்கிறேன். எனக்கு வருவது வருடத்துக்கு இரண்டு கார்டு, அதுவும் சொந்த ஊர் தாமலிலிருந்து அண்ணன் போடுவது. பக்கத்து மேசை தணிகாசலம், "இன்னாப்பா ராஜவேலு, ஒனக்கே தபாலா? கதவத் தட்டிக் குடுக்கட்டுமா?" என்றான்.

அனுப்பியவர் பூவராகவன். மெட்ராஸில் 'மர்மச் சுடர்' என்ற மாத இதழின் ஆசிரியர். நிருபர் நீலமேகத்தை மறுபடி நடமாட விடப் போகிறாராம். ரேடியோவில் இல்லை, சிறுகதையாக. மாதம் ஒன்று, மொத்தம் ஆறு. 'நாடகத்தை எழுதியவர் காலமாகிவிட்டார். அவர் மனைவி சம்மதம் தந்துவிட்டார். ஒலிநாடா ஒன்றுகூட மிச்சமில்லை. போன வருடம் வாசகர் கடிதத்தில் நீங்கள் ஏழாவது வாரத்தை வரிக்கு வரி எழுதியிருந்தீர்கள். நீங்களே எழுதிப் பாருங்களேன்.'

நானா? காக்கிச் சட்டைக்காரன் கதை எழுதுவதா? கவரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினேன். இரண்டு வீட்டில் கடிதத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

12-6

நீலமேகம் யார் என்று கேட்கிற காலமும் வரலாம். எழுதி வைக்கிறேன். 1961-ல் வியாழக்கிழமை தோறும் ரேடியோ நாடகம், பதிமூன்றே வாரம். பார்க் ரேடியோவுக்குக் கீழே ஊரே உட்கார்ந்திருக்கும். அவன் ஒரு சின்னப் பத்திரிகையின் நிருபன். திருட்டு, தேர்தல் என்று செய்தி சேகரிக்கப் போவான். போன இடத்தில் பேயோ முனியோ ரத்தக்காட்டேரியோ இருக்கும். யாரும் நம்பமாட்டார்கள். அவனே பிடிக்கப் போவான், பிடித்தும் விடுவான். ஆனால் செய்தி மட்டும் அச்சில் வராது. "ஆதாரம் எங்கே, நீலமேகம்?" என்பார் அவன் ஆசிரியர். ஆதாரம் எரிந்திருக்கும், இல்லாவிட்டால் கிணற்றில் விழுந்திருக்கும். இன்றைக்கும் டீக்கடையில் எவனாவது புளுகினால் இந்த ஒரு கேள்வியில்தான் மடக்குகிறார்கள்.

ஏன் நிறுத்தினார்கள்? பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று யாரோ எழுதிப் போட்டார்களாம். பயப்படத்தானே கேட்டோம்.

24-6, ஞாயிறு

முதல் கதையை என் மனைவி லில்லியிடம் படித்துக் காட்டினேன். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். கையில் சிவப்புப் பென்சில் இல்லாமலே திருத்துவாள்.

"இது யாரு?"

"நீலமேகம்தான்."

"நீலமேகம் எங்க இப்பிடி நெஞ்ச நிமித்திக்கினு பேய் முன்னால வசனம் பேசுவாரு? பயந்து ஓடுவாரு. ஓடிட்டு, அய்யோ செருப்ப விட்டுட்டனேன்னு திரும்பி வருவாரு. அதுக்காகத்தானே கேட்டோம்?"

கோபம் வந்தது. குழம்பில் உப்பு இல்லை என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

8-7

இரண்டாவதையும் கிழித்தாயிற்று. லில்லி சொல்வது சரி. எனக்குப் பேயைக் கண்டு பயந்து பழக்கமில்லை. தாமல் ஏரிக்கரையில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர் மகன் நான். பயந்ததெல்லாம் மனிதர்களைக் கண்டுதான்.

30-7, ஆடி அமாவாசை

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அமாவாசைக்கு இந்தத் தெருக்களில் யாரும் தறியில் ஏறுவதில்லை. மற்ற நாளில் காது செவிடாகும் தெரு, இன்றைக்குக் காக்கை கத்தினால் கேட்கிறது. ஆடி அமாவாசை வேறு, முக்கால்வாசிப் பேர் சர்வ தீர்த்தக் குளத்துக்குத் தர்ப்பணத்துக்குப் போயாயிற்று. சர்ச்சுக்குப் போகிற எனக்கு ஏது அமாவாசை? பதினோரு மணி வெயிலில் நான் ஒருத்தன்தான் தெருவில்.

நெசவாளி ராமலிங்கத்தின் வீடு. பச்சைக் கதவு, வாசலில் வாதநாராயணி மரம். வெளியே பூட்டு தொங்கியது. அவனுக்கு ஒரு கார்டு இருந்தது. கதவடியில் தள்ளலாம் என்று குனிந்தேன். உள்ளே தறி ஓடுகிறது.

பூட்டிய வீட்டில். அமாவாசையில். ஒரு தட்டு, ஒரு நிறுத்தம். பிறகு இரண்டு தட்டு. கை பழக்கம் விட்டுப்போனவன் நெய்கிற மாதிரி. ராமலிங்கத்தின் அப்பா மூன்று வருடத்துக்கு முன்னால் அதே தறியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனவர். அவருக்கு வந்த கடைசி மணியார்டரைத் திருப்பி அனுப்பியவன் நான்தான்.

கார்டைத் தள்ளினேன். தறி நின்றது.

ஓடினேன். சைக்கிளை விட்டுவிட்டு முனை வரைக்கும் ஓடி, பிறகு சைக்கிளுக்காகத் திரும்பி வந்தேன். வரும்போது சிரிப்பு வந்துவிட்டது. செருப்புக்காகத் திரும்பிய நீலமேகம் நான்தான்.

1-8

ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். 'அமாவாசைத் தறி'. லில்லி படித்துவிட்டு, "இப்ப வந்துட்டாரு உன் ஆளு" என்றாள். பன்னிரண்டு வருடம் கழித்து, ரேடியோவில் கேட்ட அவன் இருமல் மறுபடி என் காதில் கேட்டது. இந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது?

4-8

ரெஜிஸ்தர் செய்து அனுப்பினேன். தணிகாசலம் எடை போட்டுவிட்டு, "பேய்க்கு இவ்ளோ கனமா?" என்றான்.

20-8

கதை செப்டம்பர் இதழில் வருகிறது. பூவராகவன் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

2-9, ஞாயிறு

அச்சில் என் பெயர். வந்த இதழ்களை லில்லி அவள் பள்ளிக்கூட டீச்சர்களுக்குக் காட்ட ஒரு பிரதி, சர்ச்சுக்கு ஒரு பிரதி என்று பிரித்துவிட்டாள். எனக்குத் தெரியாமல் பெட்டியில் ஒன்று வைத்திருக்கிறாள். அதுவும் எனக்குத் தெரியும்.

5-9

தையல்கடை அப்பாதுரை கதையைக் கடையில் சத்தமாகப் படித்திருக்கிறான். மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தானாம். தெருவில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். முதலில் பெருமையாக இருந்தது.

பிறகு பூவம்மாள் கேட்டாள். ஜபல்பூரில் பட்டாளத்தில் இருக்கும் அவள் மகனின் கடிதங்களை ஏழு வருடமாக நான்தான் படித்துச் சொல்கிறேன். "ஏம்பா போஸ்ட்மேன், பச்சக் கதவு ராமலிங்கம் ஊடுதானே அது? நீ கேட்டன்னா கேட்டதுதான். அந்தப் பக்கமே போவாதீங்கன்னு எங்க ஊட்டுப் பசங்களுக்குச் சொல்லிட்டேன்."

அது கதை என்றேன். அவள் காதில் ஏறவில்லை. கதவின் நிறத்தை எழுதினேன். மரத்தை எழுதினேன். அப்பா தறியில் செத்ததை எழுதினேன். ராமலிங்கத்தை மட்டும் சோமலிங்கம் என்று மாற்றினேன். என்ன சாமர்த்தியம்.

8-9, சனி

இன்று பச்சைக் கதவு எனக்காகத் திறந்தது. ராமலிங்கத்தின் மனைவி மணியம்மாள் வாசலில் நின்று, "உள்ள வாங்க அண்ணா" என்றாள். ஒன்பது வருடத்தில் அந்தத் தெருவில் யாரும் என்னை உள்ளே கூப்பிட்டதில்லை.

தறிக்குப் பக்கத்தில் ராமலிங்கம் உட்கார்ந்திருந்தான். நெய்கிறவர் உட்காரும் குழியில் இல்லை. புடவைக் கரைக்கு நாடா தள்ள, உதவிக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் உட்காருவாரே, அந்த இடத்தில். கல்யாணமான நாளிலிருந்து அது மணியம்மாளின் இடம். அவன் வலது கையைத் துண்டால் கழுத்தோடு கட்டியிருந்தான். மணியம்மாள் என் எதிரிலேயே குழியில் இறங்கி உட்கார்ந்தாள்.

"நீங்க கேட்டது எங்க மாமனார் இல்ல. நாந்தான்."

ராமலிங்கம் தலையைத் தூக்காமல் சொன்னான். "தறியில பாவு நூல பூட்டின மறுநாளே சைக்கிள்லருந்து உழுந்து தோளு எறங்கிப்போச்சுப்பா. ஐப்பசி முகூர்த்தப் பொடவ. வரதராஜன் மொதலாளி பாவு குடுக்கும்போதே, 'ஊட்டுக்குக் குடுக்கல ராமலிங்கம், ஒன் கைக்குக் குடுக்கறேன்'னு சொல்லித்தான் குடுத்தாரு. வேற கை ஒக்காந்தா, அது பொம்பள கைன்னா கேக்கவே வேணாம், அன்னிக்கே பாவ அறுத்துக்கினு போயிடுவாரு."

பத்துத் தறி ஓடும்போது எந்தக் குழியில் யார் என்று வெளியே தெரியாது. ஆனால் அவள் கை புதிது, வேலை நகரவில்லை. அதனால் அமாவாசைக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்சந்து வழியாக உள்ளே வந்திருக்கிறாள். கார்டு விழுந்ததும் உயிரே போய்விட்டதாம், அவளுக்கு.

"இப்ப கதயப் படிச்சிட்டு மொதலாளி சொல்லி அனுப்பிட்டாரு. பேய் ஒக்காந்த தறியில நெய்ஞ்ச பொடவைய கல்யாணப் பொண்ணு கட்றதாமா? திங்கக்கெழம வந்து பாவ அறுக்கறாரு. அதுக்கப்புறம் இந்த ஊர்ல யாரு எங்களுக்குப் பாவு குடுப்பாங்க?"

பேய் என்றாலும் பாவு போகிறது. பேய் இல்லை, மணியம்மாள்தான் என்றாலும் போகிறது.

நான் கிளம்பும்போது அவள் கேட்டாள். "கை பழக்கம் உட்டுப்போனவன் மாதிரின்னு எழுதியிருந்தீங்களாமே. அவ்ளோ மோசமாவா கேட்டுது?"

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

9-9, ஞாயிறு

சர்ச்சில் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. நீலமேகம் என்றால் என்ன செய்வான் என்று யோசித்தேன். பதிமூன்று வாரம் கேட்டேனே, ஒரு தடவையாவது அந்த வீட்டுக்காரர்கள் கதி என்ன ஆயிற்று என்று யோசித்தேனா? செய்தி அச்சேறவில்லையே என்றுதான் வயிறு எரிந்தேன். அச்சேறியிருந்தால் இதுதான் நடந்திருக்கும்.

ஒரே வழி இருக்கிறது. அன்று தறிச் சத்தம் கேட்டது நான் ஒருத்தன்தான். நான் கேட்கவில்லை என்று சொன்னால், கேட்கவில்லைதான்.

ஆனால் அதைச் சொன்னால் எனக்கு என்ன மிச்சம்? முதல் வருடம் இந்தத் தெருவில் தண்ணீர் கேட்டால் செம்பைத் தூக்கிப் பிடித்துக் கையில் ஊற்றுவார்கள். கடிதம் படித்துச் சொல்கிறேன் என்றால் வேண்டாம் என்பார்கள். அங்கே இருந்து 'போஸ்ட்மேன் சொன்னா சரியா இருக்கும்' என்ற பேச்சு வர ஐந்து வருடம் ஆயிற்று. எனக்கு நிலமா, வீடா? அந்தப் பேச்சுதான் என் சொத்து.

லில்லியிடம் எல்லாம் சொன்னேன். பொய் சொல்வது பாவம்தானே என்று கேட்டேன், அவள் ஆமாம் என்றால் தப்பித்துக்கொள்ளலாம் என்று. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "அயலானுக்கு எதிரா பொய் சொல்லக்கூடாதுன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. அயலானுக்காக சொல்றதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

டீச்சரைக் கல்யாணம் செய்தால் இப்படித்தான்.

10-9, திங்கள்

வேலைக்குப் போகுமுன் சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜன் முதலாளி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

"நீ எழுதினதாமே?"

"ஆமாங்க."

"தறி சத்தம் கேட்டியா, இல்லியா?"

"கேக்கலீங்க. தெரு சும்மா கெடந்துது. அதப் பாத்து நானா கட்டி எழுதினது. அந்த வீட்டு அடையாளத்தப் போட்டது என் தப்பு."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஒன்ன நம்பி ஜனங்க கடுதாசி படிக்கக் குடுக்கறாங்க. நீ அச்சுல பொய் எழுதுவியா?"

"எழுதிட்டேங்க."

"அப்ப இப்ப சொல்றது மட்டும் நெஜம்னு எப்பிடி நம்பறது?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "நம்ப வேணாங்க. தெருவுல எல்லாரு முன்னாலயும் வந்து சொல்றேன். நெஜமாவே கேட்டிருந்தா, எவனாவது நடுத்தெருவுல நின்னு நான் பொய்யன்னு சொல்லிப்பானா?"

ரிக்‌ஷாவில் அவர் வந்தார், பின்னால் சைக்கிளில் நான். அப்பாதுரை கடைக்கு எதிரில் நின்று சொன்னேன். தறி ஓடவில்லை, நான் எதையும் கேட்கவில்லை, பொய் எழுதினேன். அப்பாதுரை, "ஆதாரம் எங்கே, நீலமேகம்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூவம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

முதலாளி உள்ளே போகாமல் பச்சைக் கதவுக்கு வெளியிலிருந்தே, "சீக்கிரம் முடி ராமலிங்கம்" என்று சொல்லிப் போய்விட்டார். பாவு தப்பித்தது. நான் தெரு முழுக்கத் தபால் கொடுத்து முடித்து, வீட்டுக்கு வந்து, அழுதேன்.

18-9

ஜபல்பூரிலிருந்து கடிதம். வழக்கம்போல் கவரைக் கிழிக்கப் போனேன். பூவம்மாள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "அப்பாதுரை படிப்பான், குடு. நீ கூட்டிக் கொறச்சிப் படிப்பே."

இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை குறைத்துப் படித்திருக்கிறேன். மகனுக்குக் காலில் குண்டு உரசியது என்று எழுதியிருந்ததை. அதைச் சொல்ல முடியுமா?

26-9, அமாவாசை

அந்தத் தெருவில் முனையிலிருந்தே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனேன். பச்சைக் கதவு வீட்டில் சத்தமே இல்லை. மணி கேட்டதும் நிறுத்தியிருப்பாள், கெட்டிக்காரி.

30-9, ஞாயிறு

பூவராகவன் எழுதியிருக்கிறார். 'அமாவாசைத் தறி'க்கு நூறு கடிதத்துக்கு மேல் வந்ததாம். அடுத்ததும் அதேமாதிரி நிஜத் தெரு, நிஜ வீடு என்று தெரியும்படி எழுத வேண்டுமாம். முடியாது என்று எழுதிவிட்டேன். நீலமேகம் வேண்டுமானால் தருகிறேன், யாருடைய வீட்டுக் கதவையும் தரமாட்டேன்.

இரண்டாவது கதையை ஆரம்பித்தேன். இல்லாத ஊர், இல்லாத தெரு. ரேடியோவில் நீலமேகம் ஜன்னல் வழியாக ஏறிக் குதிப்பான், சாவித் துவாரத்தில் காது வைப்பான். என் கதையில் முதல்முறையாகக் கதவைத் தட்டினான். "யாரு?" என்று உள்ளே கேட்கிறார்கள். அவன் என்ன சொல்வான் என்று எனக்கே தெரியவில்லை, எழுத எழுதத் தெரிந்தது. முன்னைவிட அதிகமாகப் பயப்படுகிறான். லில்லி படித்துவிட்டு, "இவர எனக்கு இன்னும் புடிக்குது" என்றாள்.

8-10

பூவராகவன் இரண்டாவது கதையை எடுத்துக்கொண்டார். 'சத்தம் குறைவு, ஆனால் கீழே வைக்க விடவில்லை' என்று ஒரே வரி.

14-10, ஞாயிறு

புடவை நெய்து முடித்து, தறியிலிருந்து அறுத்தாயிற்று. நேற்று மணியம்மாள் வாசலில் வைத்துச் சொன்னாள். முதலாளி புடவையை மடியில் விரித்து, உள்ளங்கையால் தலைப்பு வரைக்கும் தடவிப் பார்த்தாராம். "ராமலிங்கம், ஒன் கை முன்னவிட சுத்தமா இருக்குதுடா" என்றாராம். ராமலிங்கம் கும்பிட்டு நின்றானாம்.

"அப்புறம் எங்க ஊட்டுக்காரரு ரெண்டு நாளு என்கிட்ட பேசல அண்ணா" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் சந்தோஷமா வருத்தமா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

"அந்த வரி தப்பு" என்றேன். "கை பழக்கம் விட்டுப்போனவன்னு எழுதினது. புதுசா பழகற கைன்னு எழுதியிருக்கணும்."

22-10

தீபாவளிக் கூட்டம். பை கனத்தில் தோள் போயிற்று. எதிரில் வருகிறவனெல்லாம், "அடுத்த பொய் எப்ப, போஸ்ட்மேன்?" என்று கேட்கிறான். கோபமில்லாமல்தான் கேட்கிறார்கள். பழகிவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய்.

29-10, திங்கள்

பூவம்மாளுக்கு இன்றும் ஜபல்பூர் கடிதம். வாங்கிக்கொண்டு அப்பாதுரை கடைக்கு நடந்தாள். முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பச்சைக் கதவிலிருந்து மணியம்மாள் கூப்பிட்டாள். கையில் ஒரு இன்லண்டு. ஆரணியில் இருக்கும் அவள் அம்மாவுக்கு எழுத வேண்டுமாம். உள்ளே ராமலிங்கம் புதுப் பாவுக்கு முன்னால் இருந்தான். துண்டுக் கட்டு இல்லை, கையை நன்றாக வீசுகிறான். ஆனால் எதிர்ப்பக்கத்து இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"நான் சொல்றத மட்டும் எழுதுங்க அண்ணா. ஒரு வார்த்த கூட்டக்கூடாது, கொறைக்கக்கூடாது."

சரி என்றேன். முழங்காலில் பையை வைத்து, அதன்மேல் வைத்து எழுதினேன்.

'அம்மாவுக்கு. தீபாவளி நல்லபடியா போச்சு. அவரு தோளு சரியாப்போச்சு. ஐப்பசி முகூர்த்தப் பொடவைய நாந்தான் நெய்ஞ்சேன். முழுசும் நாந்தான். இது அவருக்குத் தெரியும், எழுதற அண்ணனுக்குத் தெரியும். இப்ப உனக்குத் தெரியும். புதுப் பாவு வந்துக்குது. நீயே ஒக்காருன்னு சொல்ட்டாரு.'

படித்துக் காட்டினேன். நடுவில் இருந்த அந்த ஒரு வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். ராமலிங்கம் நூலைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டான். பேரை மட்டும் எழுதத் தெரியும் என்று பேனாவை வாங்கி, மணியம்மாள் என்று அவளே எழுதினாள். இடம் போதாமல் கடைசி எழுத்து ஓரத்தில் ஒண்டிக்கொண்டது.

ஆபீசுக்குத் திரும்பி, ஆரணிக் கட்டில் அதை நானே போட்டேன். இவ்வளவு நல்ல கதை எனக்கு இனிமேல் கிடைக்காது. அது போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும்.